முதற்பெயர் அறியப்படவில்லையாம்!

திருவண்ணாமலைக்கு வடபால், வேலூர்ச் சாலையில் மாவட்ட ஆட்சியரகம் அமைந்துள்ள ஊர் வேங்கிக்கால். உழவிலேயே நிலைத்த குடும்பங்களும், உழவை விட்டு அலுவலிற் புகுந்த குடும்பங்களும் அங்கு அடுத்தடுத்து வாழ்கின்றன. அத்தகைய வீடொன்றில் பொறியியல் முடித்த இளைஞன் ஒருவன், மேற்படிப்பிற்கு அமெரிக்கா செல்லும் பொருட்டு, ஊரார் ‘விசா’ என வழங்கும் நுழைவிசைவை வேண்டிக் கணினிமுன் அமர்ந்திருக்கின்றான் என்று வைத்துக்கொள்க. அவன் பெயர் எழிலன். தந்தையார் பெயர் ஏழுமலை. பழைய வடார்க்காட்டுப் பகுதியில் தெருவிற்கு ஓர் ஏழுமலை இருப்பார். இவ்விரு பெயரும் எடுத்துக்காட்டிற்குக் கொண்டவையே. ஆனால், இங்குச் சொல்லப்படுவது ஆண்டுதோறும் தமிழர் வீடுகள் பலவற்றில் நிகழ்வதாகும்.

பல்கலைக்கழகம் அவனுக்கு இடமளித்துவிட்டது. ஐ-20 என்னும் சேர்க்கைத் தாளும் வந்துவிட்டது. மாணவர் பதிவிற்கென 350 தாலர் கட்டியாயிற்று. நுழைவிசைவுக் கட்டணம் 185 தாலர் தனி. நிலத்தையோ வீட்டையோ ஈடு வைத்து வங்கிக்கடன் பெறுவதும், சென்னைத் துணைத்தூதரக நேர்காணலுக்கு நாள் கிடைக்கும்வரை காத்திருப்பதும் எல்லார்க்கும் உள்ள தொல்லைகள். அவற்றை விரிக்க வேண்டுவதில்லை. எழிலனின் கை நின்றது படிவத்தின் தொடக்கத்திலேயே. அங்குக் கேட்கப்பட்டது குடும்பப்பெயர்.

தமிழனுக்குக் குடும்பப்பெயர் ஏது? எழிலனின் கடவுச்சீட்டில் ‘இடப்பட்ட பெயர்’ என்னும் கட்டத்தில் எழிலன் ஏழுமலை என்று இரு பெயரும் சேர்ந்து நிற்கின்றன. ‘குடும்பப்பெயர்’ என்னும் கட்டம் வெறுமையாய் உள்ளது. இந்தியக் கடவுச்சீட்டு அலுவலகம் அக்கட்டத்தை வெறுமையாய் விட இசைகின்றது. தலைப்பெழுத்தை மட்டும் ஏற்பதில்லை. ‘ஏ’ என்பதை ‘ஏழுமலை’ என விரித்தே எழுதல் வேண்டும். ஆகவே அவன் எழுதியதில் தவறில்லை. ஆயின், அமெரிக்கர் வகுத்துள்ள நெறிமுறை வேறு. குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாய் உள்ள கடவுச்சீட்டினர் தம் முழுப்பெயரையும் கொண்டுபோய்க் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இடல் வேண்டும். இடப்பட்ட பெயர்க் கட்டத்தில் எஃப், என், யு என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை இடல் வேண்டும். அவை ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் தலைப்பெழுத்துகள்.

அறியப்படவில்லையாம்! பெற்றோர் அகரமுதலி புரட்டி, வடசொல் கலவாத பெயர் வேண்டுமென்று ஆய்ந்து, அழகும் பொருளும் ஒருங்கமைய இட்ட பெயர் அறியப்படவில்லையாம். அவன் கையிலுள்ள கடவுச்சீட்டிலேயே அச்சாகி நிற்கும் பெயர் அறியப்படவில்லையாம். நுழைவிசைவுத் தாளில் அம்மூன்றெழுத்தும் அவன் பெயரின் இடத்தில் அச்சேறும். அங்குச் சென்றபின் வங்கியிலும், வாடகை வீட்டிலும், வண்டியோட்டும் உரிமம் தரும் அலுவலகத்திலும் அம்மூன்றெழுத்து அவனைத் தொடரும். அம்மூன்றெழுத்தையே ஒரு பெயரெனக் கருதி ஒலித்து விளித்தாரும் உளர். செங்கம் சாலையில் உள்ள இரமணர் தவமனையை நாடித் திருவண்ணாமலைக்கு வரும் வெள்ளையர் சிலர் தம் பெயரை விட்டு வடமொழிப் பெயர் சூட்டிக்கொள்வதை ஊரார் கண்டிருப்பர். அவர் விரும்பித் துறக்கின்றார். இங்கிருந்து போகும் பிள்ளையோ விரும்பாமலே பெயரிழக்கின்றான்.

அமெரிக்கா மட்டுமே இவ்வாறு செய்வதாக எண்ணற்க. 2022ஆம் ஆண்டு நவம்பரில் துபாய் அடங்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையார்க்குச் சுற்றுலா முதலிய குறுகியகால வருகைக்கு இசைவில்லை என்று அறிவித்தது. பின்னர், கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தாற் போதுமென்று தளர்த்தியது. அவ்வறிவிப்பு வெளிவந்தபோது தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் கலங்கியிருக்கும்! கூலிவேலைக்குப் போகும் உறவினரைக் கண்டுவரப் புறப்பட்ட ஏழை எளியோரின் கடவுச்சீட்டில்தான் ஒற்றைப் பெயர் மிகுதி.

இத்துன்பத்திற்குக் கரணியம் தமிழ்ப்பெயரிலுள்ள குறை என்று கற்றவரே பேசுகின்றனர். “உலகமெங்கும் இரண்டு பெயர் இருக்கும்போது தமிழனுக்கு மட்டும் ஏன் இல்லை?” என்பது அவர்தம் வினா. இவ்வினாவில் இரண்டு அறியாமைகள் உள்ளன. தமிழை அறியாமை ஒன்று, உலகை அறியாமை மற்றொன்று.

முன்னதை முதற்கண் காண்க. தந்தை பெயரொடு மகன் பெயரை இணைத்து வழங்குவது தமிழர்க்குப் புதிதன்று. அவ்விணைப்பிற்கென்றே தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில் நூற்பா வகுத்துள்ளார். தந்தை பெயரின் ஈற்றிலுள்ள ‘அன்’ கெட்டு ‘அம்’ சாரியை பெற்று மகன் பெயரொடு புணரும் என்பது அதன் கருத்து. உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள் சாத்தங்கொற்றன், கொற்றங்கொற்றன் என்பன. சாத்தன் மகனாகிய கொற்றன் சாத்தங்கொற்றன். கொற்றன் மகனாகிய கொற்றன் கொற்றங்கொற்றன். ஒரே ஊரில் இரண்டு கொற்றன் இருப்பின் யார் எவர் என்று பிரித்தறிய இதனினும் எளிய முறை எந்நாட்டார் கண்டனர்? எழுத்துப் புணர்ச்சி கூறும் இலக்கணத்துள் தந்தை, மகன் பெயர்ச்சேர்க்கைக்குத் தனி நூற்பா தேவைப்பட்டது என்றால், அவ்வழக்கு அக்காலத்தே எத்துணைப் பெருவழக்காய் இருந்திருத்தல் வேண்டும்!

கழக இலக்கியப் புலவர் பெயர்களைப் பார்க்க. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் ஊரும் தந்தையும் தன்பெயரும் முறையே நிற்கின்றன. முல்லைப்பாட்டைப் பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வணிகனார் மகனார் நப்பூதனார். ஊர், தந்தையின் தொழில், தன்பெயர் என்று அமைந்துள்ளது. அதே வரிசைதான் ஈ.வெ.இரா. என்பதிலும் உள்ளது, ஈரோடு, வெங்கடப்பர், இராமசாமி. திரு.வி.க. என்பதில் திருவாரூர், விருத்தாசலம், கலியாணசுந்தரம். இரண்டாயிரம் ஆண்டு வழக்கம் தலைப்பெழுத்தாய்ச் சுருங்கினும் வரிசை மாறவில்லை. தாய்மார் அஞ்சலட்டையில் ஊர்ப்பெயரை முன்னும் ஆள்பெயரைப் பின்னும் எழுதியதைக் கண்டு நகைத்த எழுத்தர்கள் உண்டு. இவ்வரிசையை அறிந்திருப்பின் நகைத்திரார்.

மகன் பெயரால் தந்தையை வழங்கும் முறையும் தமிழில் இருந்தது. ஆதன் தந்தை ஆந்தை என்றும், பூதன் தந்தை பூந்தை என்றும் மருவும் என்பது அதே இயலிலுள்ள செய்தி. கோப்பெருஞ்சோழனின் நண்பராகிய பிசிராந்தையார், பிசிர் என்னும் ஊரினராகிய ஆந்தையார். பிள்ளையைப் பெற்றவர் பிள்ளையாற் பெயர் பெற்றார். இத்துணை வளமுடைய பெயரிலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘தமிழனுக்கு இரண்டாம் பெயர் இல்லை’ என்று வருந்துவது பேதைமை. தமிழனுக்கு இல்லாதது குடும்பப்பெயர்தான். கொடிவழி முழுதும் மாறாது தொங்கும் வால் அவனுக்கு இல்லை. தலைமுறைதோறும் மாறும் தந்தை பெயர் உண்டு, அது போதும்.

இனி உலகைக் காண்க. ஐசுலாந்து என்னும் நாட்டின் மக்கள்தொகை நான்கு இலக்கத்தை எட்டாது. திருவண்ணாமலை மாவட்டத்தின் மக்கள்தொகையோ 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே இருபத்துநான்கு இலக்கத்திற்கு மேல். அச்சிறு நாட்டில் மிகப் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரொடு ‘மகன்’ என்றோ ‘மகள்’ என்றோ பொருள்படும் ஈற்றைச் சேர்த்து இரண்டாம் பெயராக்கிக்கொள்கின்றனர். தாய் பெயரொடு சேர்ப்பாரும் உளர். அண்ணனுக்கும் தங்கைக்கும் இரண்டாம் பெயர் வேறுபடும். தொலைப்பேசிப் பெயரேட்டிலும் இயற்பெயர் வரிசையிலேயே அடுக்குவர். புதிதாகக் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளக் கூடாதென்று 1925ஆம் ஆண்டே அவர்கள் சட்டம் செய்தனர். ஐசுலாந்து மாணவன் அமெரிக்கா செல்லுங்கால் தந்தை பெயராலாய அச்சொல்லைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டுவிட்டுப் போகின்றான். அவன் பெயர் அறியப்படாமற் போவதில்லை.

மலேசியத் தமிழரைப் பார்க்க. அந்நாட்டு அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் ‘பெயர்’ என்று ஒரே கட்டம்தான். தமிழர் தம் பெயரை எழுதி, ‘இன்னார் மகன்’, ‘இன்னார் மகள்’ எனப் பொருள்படும் மலாய்ச் சொற்களின் சுருக்கத்தை இட்டுத் தந்தை பெயரை எழுதுகின்றனர். ‘கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்பதன் வரிசை மாறிய வடிவமே அது. அங்குள்ள அரசு தமிழரின் பெயர்முறைக்கு இடங்கொடுத்துள்ளது. இங்குள்ள அரசு இரண்டு கட்டத்தை வரைந்துவிட்டு, ஒன்றை நிரப்பு, மற்றொன்றை விட்டால் விடு என்று ஒதுங்கிக்கொண்டது.

இரண்டு கட்டம் உலக முறையாயிற்றே, இந்திய அரசு என்செய்யும் என்பார்க்கு ஒரு செய்தி. கடவுச்சீட்டு எவ்வாறிருத்தல் வேண்டும் என்று வகுப்பது பன்னாட்டுக் குடிமை வானூர்தி அமைப்பு. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் தலைமையிடமுடைய அவ்வமைப்பு, பொறி படிக்கத்தக்க கடவுச்சீட்டிற்கான நெறிகளை 1980ஆம் ஆண்டு முதலாக 9303 என்னும் எண்ணிட்ட நூலாய் வெளியிட்டு வருகின்றது. ஒளிப்படப் பக்கத்தின் அடியில் வரிக்கு 44 இடங்களாக இரண்டு வரிகள் உள்ளனவன்றோ, அவை அந்நெறியின்படி அமைந்தவை. மேல்வரியில் பெயருக்கென 39 இடங்கள். அந்நூல் ‘குடும்பப்பெயர்’ இருந்தே தீரல் வேண்டுமென்று கூறவில்லை. ‘முதன்மை அடையாளம்’, ‘துணை அடையாளம்’ என்றே பிரிக்கின்றது. பெயரின் எப்பகுதி முதன்மையானது என்று முடிவு செய்வது கடவுச்சீட்டு வழங்கும் நாட்டின் உரிமை. பிரிக்கவியலாத பெயராயின் முழுவதையும் முதன்மை அடையாளமாகவே இட்டுத் துணை அடையாளத்தை வெறுமையாய் விடலாம் என்றும் அந்நெறி இடந்தருகின்றது. இந்திய அரசோ இயற்பெயரைத் துணைக் கட்டத்தில் இட்டு, முதன்மைக் கட்டத்தை வெறுமையாய் விட இசைகின்றது. தலைகீழாய் வைத்த குடத்தில் நீர் நிற்குமா? வெளிநாட்டான் அதனை நிமிர்த்துகின்றான். நிமிர்த்துங்கால் பெயர் இடம்மாறிப்போகின்றது.

வடபுலத்தார்க்கு இக்கட்டங்கள் பொருந்தும். அவர்தம் பெயரின் ஈற்றில் சாதிப்பட்டமோ குடிப்பட்டமோ உண்டு. ஆந்திரர்க்கு வீட்டுப்பெயர் உண்டு. கடவுச்சீட்டின் கட்டங்களுக்கு மேலே அச்சிட்டுள்ள சொற்களும் ஆங்கிலமும் இந்தியுமே. குடும்பப்பெயர்க் கட்டத்திற்கு இந்தியில் ‘உபநாம்’ என்று போட்டிருக்கின்றனர். எழிலனுக்கு அச்சொல்லும் விளங்காது; அச்சொல் குறிக்கும் பொருளும் அவனிடம் இல்லை.

இங்கேதான் உண்மையான பேரிடர் தலைகாட்டுகின்றது. மூன்றெழுத்து இழிவை அஞ்சி, வெறுங்கட்டத்தை நிரப்ப என்ன செய்யலாமென்று வினவும் பெற்றோர்க்கு அறிவுரை சொல்ல ஆட்கள் உளர். “உங்கள் சாதிப்பட்டம் என்ன? அதைக் குடும்பப்பெயராய்ப் போட்டுவிடுங்கள். அண்ணன், தம்பி, அக்காள், தங்கை எல்லார்க்கும் ஒன்றாய் இருக்கும். வெளிநாட்டில் எவனுக்குத் தெரியப்போகின்றது?” என்று எளிதாய்ச் சொல்லிவிடுகின்றனர். பிள்ளை நல்லபடியாய்ப் போய்ச் சேர்ந்தாற் போதும் என்றிருக்கும் தந்தை தலையசைத்துவிடுகின்றார். பாட்டன் விட்டொழித்த பட்டம் பெயரன் கடவுச்சீட்டில் ஏறிவிடுகின்றது.

அப்பட்டம் எவ்வாறு விட்டொழிந்தது என்பதை இளைஞர் அறிதல் வேண்டும். ‘குடியரசு’ இதழில் ஆசிரியர் பெயர் தொடக்கத்தில் நாயக்கர் என்னும் பட்டத்தொடுதான் அச்சாயிற்று. 1927ஆம் ஆண்டின் இறுதியில் அப்பட்டம் நீங்கியது. 1929ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் செங்கற்பட்டில் கூடிய முதல் தன்மான மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் இடுவதை விட்டொழிக்க வேண்டுமென்று முடிவெடுத்தது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு தலைமுறையில், சட்டமொன்றும் வற்புறுத்தாமலே, தமிழ்நாட்டுப் பொதுவாழ்வில் பெயரின் வால் அறுந்தது. இந்தியாவின் பிற பகுதிகளில் ஒருவன் பெயரைச் சொன்னதுமே அவன் சாதி தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் ‘ஏ. எழிலன்’ என்றால் ஒன்றும் தெரியாது. தேர்வுத்தாள் திருத்துபவர்க்கும் தெரியாது, வேலைக்கு ஆளெடுப்பவர்க்கும் தெரியாது, வீடு வாடகைக்கு விடுபவர்க்கும் தெரியாது. இத்தெரியாமையை ஈட்டத் தமிழர் பட்ட பாடு சிறிதன்று. ஊர், தெருப் பெயர்களிலிருந்து சாதிப்பெயர்களை நீக்கத் தமிழ்நாட்டரசு 2025ஆம் ஆண்டு ஆணையிட்டது. தெருப்பலகையில் அழிக்கும் எழுத்தைப் பிள்ளையின் கடவுச்சீட்டில் எழுதுவதா?

“வெளிநாட்டில் எவனுக்குத் தெரியும்?” என்னும் சொல்லும் மெய்யன்று. அங்கு வெள்ளையனுக்குத் தெரியாது; உடன்படிக்கும் இந்தியனுக்கு நன்றாய்த் தெரியும். சாதி கடல்தாண்டிப் போவதை அங்குள்ளார் அறிந்தேயுள்ளனர். அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023ஆம் ஆண்டு பிப்பிரவரியில் சாதி வேறுபாடு காட்டுதலைத் தடை செய்தது. அன்றியும், குடும்பப்பெயர் என்பது ஒருமுறை ஏறினால் இறங்காது. எழிலனுக்கு அங்குப் பிறக்கும் குழந்தைக்கும் அதுவே குடும்பப்பெயராகும். தமிழ் பேசத் தெரியாத பெயரனுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போய்ச் சேர்ந்த ஒரே உடைமை சாதிப்பட்டமாய் இருத்தல் எத்துணை இழிவு!

எனின், வெறுங்கட்டத்தில் என்ன இடுவது? தந்தை பெயரை இடுக, அல்லது தாய் பெயரை இடுக. தன் பெயரை ‘இடப்பட்ட பெயர்’ எனவும், பெற்றோர் ஒருவர் பெயரை மற்றைக் கட்டத்திலும் பிரித்து எழுதிவிட்டால் மூன்றெழுத்துத் தொல்லை இல்லை. தந்தை பெயர் குடும்பப்பெயர் ஆகுமா, அது பொய்யுரை ஆகாதா என்று நுணுக்கமாய் ஐயுறுவார்க்கு, அக்கட்டத்தின் மெய்ப்பொருள் முதன்மை அடையாளமே என்பது மேலே கூறப்பட்டது. 2016ஆம் ஆண்டு திசம்பரில் கடவுச்சீட்டு நெறிகள் தளர்ந்தபோது தந்தை, தாய், காப்பாளர் ஆகியோருள் ஒருவர் பெயரைத் தந்தாற் போதும் என்றாயிற்று. தனித்து நின்று பிள்ளையை வளர்த்த தாயின் பெயரை இரண்டாம் பெயராய் இடுவதற்கு எவர் ஒப்புதலும் வேண்டுவதில்லை. பெண்மக்களும் திருமணத்தின்பின் கடவுச்சீட்டில் பெயரை மாற்றியே தீரல் வேண்டுமென்பதில்லை. பட்டச்சான்றில் தந்தை பெயர், கடவுச்சீட்டில் கணவர் பெயர் என்று இரண்டுபட்டு இடருறுவதைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

இம்முறையிலும் ஒரு சிறு வேடிக்கை உண்டு. பல்கலைக்கழகத்திலிருந்து வரும் மடல்கள் எல்லாம் ‘திரு. ஏழுமலை அவர்களுக்கு’ என்றே வரும். படிப்பவன் எழிலன், பாராட்டுப் பெறுபவர் வேங்கிக்காலில் இருக்கும் தந்தையார். ஆதனால் அவன் தந்தை ஆந்தையானது போல, ஏழுமலையால் அவர் மகன் ஏழுமலை ஆகின்றான். முகம் சுளிக்கத்தக்கதன்று இது.

முன்னரே கடவுச்சீட்டு எடுத்துவிட்டவர், பெயரைப் பிரித்து மறுவெளியீடு பெறுதல் இயலும். ஆயின் அதனை ஐ-20 தாள் வருமுன், ஆங்கிலத் தேர்ச்சித் தேர்விற்குப் பதியுமுன் செய்தல் வேண்டும். அத்தேர்வுகளுக்குக் கடவுச்சீட்டில் உள்ளவாறே பெயர் பதிந்திருத்தல் வேண்டும். மாறுபடின் தேர்வறைக்குள் விடமாட்டார். கட்டிய பணமும் போகும்.

பிறரைக் குறைகூறியது போதும். தமிழர் தம் கையாலேயே செய்துகொள்ளும் கேடு ஒன்றுண்டு. அது தமிழ்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும் சீர்கேடு. ஏழுமலை என்பதன் முதலெழுத்தை ஆங்கில ஈ-யால் எழுதுவார் உளர். ஒய், ஈ என இரண்டெழுத்தால் எழுதுவாரும் உளர். ழகரத்திற்கு எல் இடுவார் ஒருசாரார். இசட்டும் எச்சும் இடுவார் மற்றொரு சாரார். ஈற்று ஐகாரத்திற்கு ஏ, ஐ என்பார் சிலர். ஏ, ஒய் என்பார் சிலர். ஆக, ஒரு பெயர்க்கு எட்டு வடிவங்கள். எழிலன் என்பதற்கு இவ்வாறே நான்கு. இரண்டையும் பெருக்கினால் ஓர் எழிலன் ஏழுமலைக்கு முப்பத்திரண்டு உருவங்கள்! பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஓர் உருவம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஓர் உருவம், ஆதார் அட்டையில் ஓர் உருவம், தந்தையின் நிலப்பட்டாவிலும் வங்கிக் கணக்கிலும் வேறு உருவங்கள். தலைப்பெழுத்துக் குழப்பம் அதனினும் பெரிது. தமிழ் ‘ஏ’ என்பதனை ஒலியால் எழுதினால் ஈ அல்லது ஒய். ‘ஏ’ என்று சொல்லக் கேட்ட எழுத்தர், ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தையே எழுதிவிடுவதும் உண்டு. அப்புறம் ஏழுமலையின் மகன் எவனோ ஓர் அண்ணாமலையின் மகனாகிவிடுகின்றான்.

மாணவனின் செலவைத் தந்தை ஏற்பார் என்று மெய்ப்பிக்கவேண்டிய இடத்தில் இக்குழப்பம் வந்து குறுக்கே நிற்கும். பெயர் வேறுபாட்டினாலேயே நுழைவிசைவு மறுக்கப்படும் என்று சொல்வது மிகை. அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்து 214ஆம் பிரிவின்படி, வருபவன் அங்கேயே குடியேறக் கருதியவன் என்றே அலுவலர் முதற்கண் கொள்வார். படிக்கத்தான் வருகின்றேன், மீள்வேன் என்று மெய்ப்பிக்கும் சுமை மாணவன்மேலது. மறுப்புகள் பலவும் அப்பிரிவின்கீழ்தான் நிகழ்கின்றன. எனினும், சில நிமையங்களில் முடியும் நேர்காணலில், “இத்தாளிலுள்ள ஏழுமலையும் அத்தாளிலுள்ள ஏழுமலையும் ஒருவர்தாம்” என்று விளக்கிக்கொண்டிருப்பவனுக்குத் தன் படிப்பைப் பற்றிச் சொல்ல நேரமேது? ‘இருவரும் ஒருவரே’ என்று உறுதிமொழித் தாள் எழுதவும், அரசிதழில் பெயர்மாற்றம் வெளியிடவும் அலைந்து நொந்த பெற்றோர்க்கு இது விளங்கும்.

தூய தமிழ்ப்பெயர் இடவேண்டுமென்று முழங்கும் அன்பர்களும் இதில் பிழையுடையரே. பெயரைத் தேர்வதில் காட்டிய அக்கறையில் பத்திலொரு பங்கை அதனை உரோம எழுத்தில் எவ்வாறு எழுதுவது என்பதில் காட்டவில்லை. அது வேற்றெழுத்து, எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டனர். எழுத்தர் எழுதியதே எழுத்தாயிற்று. பொதுமுறை வகுக்க அரசு முயன்றபோது நேர்ந்ததும் நினைவிருக்கலாம். 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தைத் தமிழொலிக்கேற்ப மாற்றி 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆணையை அரசு சில நாள்களிலேயே மீட்டுக்கொண்டது. ஊர்ப்பெயருக்கே முறை அமையவில்லையெனின் ஆள்பெயருக்கு எப்போது அமையும்? அமையும்வரை காத்திருத்தல் வேண்டா. ழகரத்திற்கு எதனையேனும் இடுக. ஆனால், பிறப்புச் சான்று முதல் பட்டச் சான்று வரை, தந்தைக்கும் மக்களுக்கும் ஒன்றுபோலவே இடுக.

தமிழன் ஏன் வேற்றுநாடு செல்லல் வேண்டும், இங்கேயே கற்றால் ஆகாதா என்று வினவும் அன்பரும் உளர். கடலோடிய இனத்தைப் பார்த்துக் கேட்கும் வினாவன்று இது. தாய்மொழியில் உயர்கல்வி இங்கு முழுமையாய் அமையாதிருக்கையில், கற்கச் செல்வாரைத் தடுப்பதைவிட, அவர் தம் பெயரோடு செல்லுமாறு செய்வதே செய்யத்தக்கது.

எழிலன் நிரப்பிய அமெரிக்கப் படிவத்தில் மற்றொரு கட்டமும் உண்டு. ‘தாய்மொழி எழுத்தில் முழுப்பெயர்’ என்பது அது. வேற்றுநாட்டான் தமிழெழுத்தில் பெயரைக் கேட்கின்றான்! அதனருகே ‘பொருந்தாது’ என்று குறியிட்டுத் தப்பும் வழியும் வைத்துள்ளான். தமிழிளைஞர் பலரும் அக்குறியை இட்டுவிட்டு அடுத்த பக்கத்திற்குச் செல்கின்றனர். அவரை மட்டும் நொந்து பயனென்ன? தன் நாட்டுக் கடவுச்சீட்டில் தமிழைக் கண்டிருந்தாலன்றோ அவ்விடத்தில் தமிழ் எழுதத் தோன்றும்! சுவிட்சர்லாந்தில் உரோமாஞ்சு மொழி பேசுவோர் ஓரிலக்கத்தையும் எட்டார். அந்நாட்டுக் கடவுச்சீட்டின் மேலட்டையில் அம்மொழிக்கு இடமுண்டு. தமிழரை வதைத்த இலங்கையின் கடவுச்சீட்டு மேலட்டையிலும் தமிழெழுத்து உள்ளது. கோடிக்கணக்கான தமிழர் வாழும் இந்தியாவின் கடவுச்சீட்டில் இல்லை. தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுதுக என்று தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டு திசம்பரில் ஆணையிட்டது. நல்லதே. ஆனால், அத்தமிழ்த் தலைப்பெழுத்து கடவுச்சீட்டு அலுவலக வாயிலோடு நின்றுவிடுகின்றது. தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் நடுவணரசிடம் கேட்கவேண்டியவை இரண்டு: கடவுச்சீட்டில் பெயர் தமிழெழுத்திலும் அச்சாதல் வேண்டும், மலேசியாவிற் போல ‘பெயர்’ என்று ஒரே கட்டம் வேண்டும், அல்லது ‘தந்தை அல்லது தாய் பெயர்’ என்றேனும் அக்கட்டத்திற்குத் தலைப்பிடல் வேண்டும்.

அது கைகூடும்வரை, வேங்கிக்கால் போன்ற ஊர்களிலுள்ள பெற்றோர் செய்யத்தக்க வேலை பள்ளியிலேயே உள்ளது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விற்கு முன் மாணவர் பெயர்ப்பட்டியல் அணியமாகும். பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டுப் பெற்றோர் ஒப்பம் கேட்கப்படும். பெரும்பாலோர் படிக்காமலே ஒப்பமிட்டுத் திருப்பிவிடுகின்றனர். அன்று பிறப்புச் சான்றையும் ஆதார் அட்டையையும் அருகில் வைத்து, பிள்ளையின் பெயரையும் தம் பெயரையும் எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக் கொடுக்க அரைமணி நேரம் ஆகும்.